வைப்பர் மெதுவாக ஓடுகிறதா? மோட்டாரை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்று பட்டறைக்குப் போனால், பானட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார்கள். நம்பாதீர்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். புதிய மோட்டாருக்கான பணத்தையும் கூலியையும் வாங்கிக்கொண்டு, கோளாறை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கோளாறு இதுதான். வைப்பர்கள் கண்ணாடியின் குறுக்கே ஊர்ந்து போகும். திரும்பும் இடத்தில் திணறி நிற்கும். வேகத்தைக் கூட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மழை நீடித்தால் அடியோடு நின்றுவிட்டு, சற்று நேரம் கழித்துத் தானாகவே ஓடத் தொடங்கும். இவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியாகச் சொன்ன அறிகுறி ஒன்றே போதும், வேலை தெரிந்தவருக்கு. பல வைப்பர் மோட்டார்களுக்குள் சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மறுபடி இணைக்கும் சிறிய பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது. நின்று நின்று ஓடுகிறது என்றால், மோட்டார் செத்துவிட்டது என்று பொருளல்ல. எதையோ இழுக்க மாட்டாமல் கொதிக்கிறது என்று பொருள். நான் சொன்னதைக் கேட்ட பட்டறைக்காரர் தலையாட்டிவிட்டு, மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தார்.

மாற்றியபின் ஓட்டிக் காட்டியதும் ஒரு தந்திரம். எஞ்சினை முடுக்கி வைத்துக்கொண்டு, ஹெட்லைட், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போட்டார்கள். அந்த நிலையில் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். எந்த வைப்பரும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். அடுத்த பெருமழையில் பழைய கதையே திரும்பியது. முன்னால் போன லாரி சேற்று நீரை வாரி அடித்தபோது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுபோனது. வண்டியை ஓரம் கட்டும்வரை என் முன்னால் பாதை என்று ஒன்று தெரியவே இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறாத கோபம்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும், வயரிங்கை முழுவதும் மாற்றிப் பார்க்கலாம்" என்றார்கள். வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் செய்த முதல் வேலை, வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தது. மோட்டாரையும், அதன் சுழற்சியை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகும் கம்பிகளான லிங்கேஜையும் பிரித்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டார். எந்தத் தடங்கலும் இல்லாமல் சுழன்றது. பிறகு வைப்பர் கை உட்காரும் தண்டுகளை என்னையே திருப்பிப் பார்க்கச் சொன்னார். இடப்பக்கத்தது விரலுக்கே திரும்பியது. வலப்பக்கத்தது இடுக்கி போட்டும் அசைய மறுத்தது. கோளாறு மொத்தமும் அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் வழியும் நீர் எல்லாம் அந்த மூடிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில்தான் இறங்குகிறது. வருடக்கணக்கில் கிரீஸ் காய்ந்து, துரு ஏறி, தண்டு தன் உறைக்குள்ளேயே இறுகிப்போகிறது. தண்டு நழுவாமல் பிடித்திருக்கும் சிறு வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றி, எண்ணெயில் ஊறவிட்டு, மெல்லத் தட்டித் தண்டை வெளியே எடுத்தார். செம்பழுப்புத் தூள் கொட்டியது. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். புதிதாக எந்தப் பாகமும் வாங்கவில்லை.

அந்த மூடியை எடுத்தபோது இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்தேன். இறுகிப்போன அந்தத் தண்டின் அடியில் எண்ணெய் வழிந்த புதுத் தடம் இருந்தது. முதல் பட்டறைக்காரர்களுக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்திருக்கிறது! மேலாக எண்ணெய் பீய்ச்சிவிட்டு, மோட்டாருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மெல்லிய எண்ணெய் தற்காலிகமாக இளக்கும். மழை நீர் அதைக் கழுவிவிடும். இரண்டாவது, அந்தப் "புதிய" மோட்டார். கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. ஆனால் போல்ட் தலைகளின் மேலும் அதே பெயிண்ட், அதன் அடியில் ஸ்பேனர் வழுக்கிய பழைய தழும்புகள். யாரோ ஏற்கெனவே கழற்றி மாட்டிய மோட்டாரைத்தான் புதிது என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். என் பழைய மோட்டாரைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

எனவே, மோட்டாரையும் லிங்கேஜையும் பிரித்து உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தனியாக ஓடவிட்டும் மோட்டார் மெதுவாகவே சுழன்றால், அப்போதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது, வைப்பரையும் போட்டுவிட்டு, மோட்டாருக்கு வரும் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, இங்கே 10 அல்லது 11 தான் வருகிறது என்றால் குற்றம் எர்த்திலோ (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு) ஸ்விட்சிலோ ரிலேயிலோ (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இருக்கிறது. துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்கினாலே சில வண்டிகளில் வேகம் திரும்பிவிடும். மின்சாரம் சரியாக வந்தும் ஓடவில்லை என்றால் மட்டுமே மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததா, உள்ளே கிரீஸ் இறுகியதா என்ற பேச்சு வரும். ரப்பரை மாற்றினால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது துடைப்பைச் சீராக்கும், இறுகிய தண்டை இளக்காது.

பில்லில் "வைப்பர் வேலை" என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள். பாகத்தின் எண், புதியதா பழுதுபார்த்ததா என்பது, உத்தரவாதக் காலம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். என் பில்லில் அவை எதுவும் இல்லை. அதைக் காட்டித்தான் இப்போது என்னை வாயடைக்கிறார்கள். கழற்றிய பழைய மோட்டாரை வண்டியின் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லி, வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.