வாயைத் திறந்து பார்ப்பதா, டிஎன்ஏவைப் படிப்பதா?

கானாங்கெளுத்தியில் பல இனங்கள் உண்டு. கையில் இருப்பது எது என்று தெரிய, அதன் வாயை நன்றாகத் திறந்து பாருங்கள். உள்ளே இறகு போல நீண்ட செவுள் முட்கள் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் அது 'ஃபௌனி' என்ற இனமாக இருக்கலாம். தெரிந்தால் இரண்டில் ஒன்று: நமக்குப் பழகிய 'கனகுர்தா', அல்லது அந்தமான் பக்கம் கிடைக்கும் 'பிராக்கிசோமா'. பின்னதன் பெயருக்கே குட்டை உடல் என்றுதான் பொருள். உடல் அகலத்தைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் வயிற்றைக் கீறிக் குடலை இழுத்து அளக்க வேண்டியதுதான். மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை 20 செ.மீ. உள்ள மீன் என்றால், பிராக்கிசோமாவின் குடல் 64 செ.மீ.க்குக் குறையாது, கனகுர்தாவுக்கு 36-ஐத் தாண்டாது. ஒரு கத்தி, ஓர் அளவுகோல், செலவு அவ்வளவுதான்.

ஆனால் இதற்கு முழு மீன் வேண்டும், அதுவும் வளர்ந்த மீன். தலை வெட்டிய துண்டையோ, கண் மட்டும் தெரியும் குஞ்சையோ கொடுத்தால் உடற்கூறு கைவிரித்துவிடும். டிஎன்ஏவுக்கு அந்தக் கவலை இல்லை. 2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த 'பார்கோடு' முறையில், செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகளைப் படித்தால் போதும். துளி சதை இருந்தாலே வேலை நடக்கும்.

கண்ணுக்குப் பிடிபடாததும் அதில் பிடிபடும். 1938-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த சீலகாந்த் என்ற பழங்கால வகை மீன் ஒரே இனம் என்றுதான் அறுபது ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். 1997-இல் இந்தோனேசியாவின் மனாடோ சந்தையில் இன்னொன்று தென்பட்டது. நீலத்துக்குப் பதில் பழுப்பு நிறம். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோ 3 முதல் 4 சதவீதம் வரை வேறுபட்டது. 1999-இல் அது தனி இனமாகப் பெயர் பெற்றது.

சரி, அப்படியானால் டிஎன்ஏவே போதுமா? ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே சிக்லிட் மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பிரிந்தது ஏறக்குறைய கடந்த 15,000 ஆண்டுகளுக்குள்தான். பார்கோடு எழுத்துகள் மாறுவதற்கு அந்தக் காலம் போதவில்லை. ஆணின் நிறமும் பல்லின் வடிவமும் பளிச்சென்று காட்டுகிற வேறுபாட்டை அந்த 650 எழுத்துகள் காட்டாது; முழு மரபணுத் தொகுப்பையே படித்தால்தான் ஓரளவு வெளிச்சம். போதாததற்கு, மைட்டோகாண்ட்ரியா தாய்வழிச் சொத்து. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மீனை அது தாயின் இனம் என்றே சொல்லிவிடும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. டிஎன்ஏவுக்கு மீனின் பெயர் தெரியாது. தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ள மீனோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வருகிறது. அந்த முதல் மீனுக்கு யாரோ செவுளைத் திறந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் தவறான பெயர் வைத்திருந்தால், அப்புறம் வருகிற எல்லாருக்கும் அதே தவறுதான் விடையாகக் கிடைக்கும். அதனால் குஞ்சுக்கும் துண்டுக்கும் டிஎன்ஏவை நம்புவேன். முழு மீன் கையில் இருக்கும்போது அளவுகோலைக் கீழே வைக்க மாட்டேன்.

இரண்டும் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். நிறம் மங்குவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். வலப் பக்கத்திலிருந்து சிறு துண்டு துடுப்பை வெட்டி எத்தனாலில் போட வேண்டும். இடப் பக்கம் அளப்பதற்கு. ஃபார்மலின் கடைசியில்தான். அதில் ஊறிய மீனின் உடல் பல ஆண்டுகள் கெடாது, டிஎன்ஏ சிதைந்துவிடும்.