ரெசின் மேசையின் பளபளப்பை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது, வாசல் தேக்குக் கதவை மட்டும் விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட கதவு அது. விரிசல்களிலும் நாதாங்கி இருந்த துளையிலும் எபாக்சி ரெசின் (ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் ஒருவகைப் பிசின்) ஊற்றி, மேலேயும் ஒரு படலம் போட்டுச் சாப்பாட்டு மேசையாக்கித் தருவதாக மாதவரம் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார். 48,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக அனுப்பினேன்.

மேசை வந்து இறங்கியது இரவு எட்டரை மணிக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மின்னியது. அம்மா குனிந்து தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மீதியை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

சாப்பிட்ட இடத்தைத் தினமும் சோப்பு நீரில் துடைத்தோம். பத்தே நாளில் மினுமினுப்பு போய், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு நாள் காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோதுதான் பார்த்தேன். இமைமயிர் உதிர்ந்து கிடப்பதுபோல், மேசை முழுவதும் சின்னச் சின்னச் சுருள் கீறல்கள். நாதாங்கித் துளையின் மேல்தான் அதிகம்.

"அக்கா, நீங்கள் சோப்புப் போட்டுத் துடைத்ததால் வந்தது. ரெசின் என்றால் அப்படித்தான்" என்றார் பட்டறைக்காரர். இரண்டுமே பொய்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்குப் பழுது பார்க்கிறார். அந்த ரெசின் வேறு வகை என்றாலும் தேய்க்கிற வேலை ஒன்றுதான். அவர் மேசைமேல் நகத்தை ஓட்டினார். நகம் இரண்டு மூன்று இடத்தில் தட்டியது. கரடுமுரடான உப்புத்தாளை மெஷினில் மாட்டித் தேய்த்ததோடு விட்டுவிட்டு, நேராக மெழுகு பாலிஷைப் பூசியிருக்கிறார்கள் என்றார். மெழுகு கீறலின் பள்ளங்களை அடைத்துக்கொள்வதால் முதலில் மின்னும். சோப்பு மெழுகைக் கரைத்ததும் பள்ளம் வெளியே வந்து வெளுப்பாகத் தெரியும்.

முறையாகச் செய்தால் 220ஆம் நம்பரில் தொடங்கி 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளை (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை முழுக்க எடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் நடுவே இரண்டு மூன்றைத் தாவினால், கடைசியில் பளபளப்பாக்கும் காம்பவுண்ட் பசையை எவ்வளவு போட்டுத் துடைத்தாலும் அந்த ஆழமான கீறல் போகாது. ஈரமும் கீறலை மறைக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் துடைத்து, உலரவிட்டுப் பார்த்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். நாள்கணக்கில் பிடிக்கும் வேலை. அந்த உழைப்புக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்; அதைத்தான் அவர் செய்யவில்லை.

சூடான பாத்திரத்தை நேரே வைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். மேசைக்கு ஊற்றும் எபாக்சி பலவும் 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். ரசச் சட்டி வைத்த வட்டம் இன்னும் மேசையில் இருக்கிறது.

ரெசின் சாமான் எதை வாங்கினாலும் பகலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், ஒரு மூலையைச் சோப்பு நீரால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு செல்போன் டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுருள் கீறல் தெரிந்தாலோ, இப்படிப் பார்க்கக் கூடாது என்று அவர்கள் மறுத்தாலோ மேசையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எத்தனையாம் நம்பர் தாள்வரை தேய்ப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டுதான். இருந்தாலும் முன்பணம் அனுப்பிய பதிவும் அவர் அனுப்பிய செய்திகளும் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும்.

இப்போது ஞாயிறுதோறும் படகு அண்ணன் வந்து தேய்த்துக் கொடுக்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணி பிழிந்து தருகிறார். நாதாங்கித் துளைப் பக்கம் 800 வரை வந்திருக்கிறோம்.