மரங்களுக்கு மேலே ஒரு போயிங் 727: தங்கிப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற விமானத்தில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை, கோஸ்டா ரிகாவில் மானுவல் அன்டோனியோ பக்கம் உள்ள கோஸ்டா வெர்டே ஹோட்டலின் 727 சூட். 1965-ஆம் வருடத்து விமானம். தென்னாப்பிரிக்க ஏர்வேஸிலும் கொலம்பியாவின் அவியங்கா நிறுவனத்திலும் ஓடியது. சான் ஹோசே விமான நிலையத்தில் சும்மா கிடந்ததை, துண்டு துண்டாக ஐந்து பெரிய லாரிகளில் ஏற்றி வந்து, 50 அடி உயரப் பீடத்தில் பொருத்தியிருக்கிறார்கள்.

உள்ளே பழைய பிளாஸ்டிக் பேனல்கள் இல்லை. கோஸ்டா ரிகா தேக்குப் பலகை போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு என்பதைவிட, கடலோர ஈரப்பதத்தைத் தேக்கு தாங்கும் என்பதுதான் முக்கியம். இரண்டு படுக்கையறைகள், இரண்டுக்கும் தனித்தனி ஏசி, தனித்தனி குளியலறை. சிறிய சமையலிடமும் கடல் தெரியும் மரத்தளமும் உண்டு.

தனித்தனி ஏசி ஏன் பெரிய விஷயம் என்றால், விமான ஜன்னல் திறக்காது. பறக்கிற காலத்தில் குளிர்காற்றுக்கு என்ஜின்தான் ஆதாரம்; அதைக் கழற்றிவிட்டால் விமானம் வெயிலில் நிற்கும் அலுமினியக் குழாய், அவ்வளவுதான். ஏசி போட்ட பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகி, உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியிழை வெப்பக் காப்பில் ஊறும். பிறகு பூஞ்சை, அரிப்பு. எந்த விமான விடுதியானாலும் நுழைந்தவுடன் சுவரின் அடிப்பாகத்தை, தரையோடு சேரும் இடத்தில், கையால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்போ புழுங்கல் வாடையோ இருந்தால் வேறு அறை கேட்டுவிடுங்கள்.

727-இன் உள் அகலம் சுமார் மூன்றரை மீட்டர்தான். சுவர் வளைந்து வருவதால் ஓரத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. உயரமானவர்கள் கட்டிலிலிருந்து எழும்போது கவனம். மேல்தகடு மெல்லியது என்பதால் மழைச் சத்தம் பலமாகக் கேட்கும். லேசான தூக்கக்காரர்கள் மழை குறைந்த டிசம்பர்–ஏப்ரல் மாதங்களில் போவது நல்லது. ஏறுவதற்குக் கல் பதித்த சுழல் படிக்கட்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இந்த இடம் வேண்டாம்.

இதற்கு நேர் எதிர், ஸ்டாக்ஹோம் அர்லாண்டா விமான நிலையத்தில் 2009-இல் திறந்த ஜம்போ ஸ்டே. அது 1976-இல் கட்டிய போயிங் 747. உள் அகலம் ஆறு மீட்டர் என்பதால் நடைபாதை விட்டு அறைகளைத் தடுக்க இடம் கிடைத்தது. ஆனால் சாதாரண அறைகள் ஆறு சதுர மீட்டர் அளவில், பெரும்பாலும் பொதுக் கழிப்பறையோடு அமைந்தன. விடியற்காலை விமானத்துக்காக ஓரிரவு படுக்க அந்த அமைப்பு போதுமானதாக இருந்தது. விமானி அறையில் அமைத்த சூட்டுக்குச் சொந்தக் குளியலறையும் ஓடுபாதைப் பக்கக் காட்சியும் இருந்தன.

இரண்டு மூன்று நாள் தங்குவதென்றால் 727தான். முழு விமானமும் உங்கள் கூட்டத்துக்கே. ஒரு அறையில் இரண்டு குயின் கட்டில், இன்னொன்றில் ஒன்று. குடும்பமாகப் போனால் வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.