திருவிழா மேடைக்கும் மெட்டலுக்கும் ஒரே கிட்டார்: எந்த ஹம்பக்கர்?

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு என் வீட்டுக்கு வந்தான். மகோகனி மர உடம்பு, இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்தான், இரைச்சலை அடக்க இரண்டு சுருள் வைத்தது), கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாதது. நண்பர்களோடு சேர்ந்தால் மெட்டல். திருவிழா, கல்யாணம் என்றால் இன்னிசைக் குழுவோடு மேடை. "அண்ணே, இதுல வர்ற சத்தம் சேறு மாதிரி இருக்கு. அவுட்புட் அதிகமா இருக்கிற பிக்கப்பா ஒண்ணு சொல்லுங்க, மாத்திடலாம்" என்றான்.

சேறு என்றது சரி. அவுட்புட் அதிகம் வேண்டும் என்றதில்தான் எனக்குச் சண்டை. அவன் வாசிப்பது மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வழியாக. டிஸ்டார்ஷன், அதாவது மெட்டலின் அந்தக் கரகரப்பு, வேண்டிய மட்டும் அதிலேயே இருக்கிறது. பிக்கப் தர வேண்டியது சத்தத்தை அல்ல, தெளிவை. அதிலும் இவர்கள் ஒத்திகை பார்ப்பது உறவினரின் பழைய வீட்டில். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி மினுங்கும் சுண்ணாம்புச் சுவர், எட்டாத உயரத்தில் கூரை. ஒரு கார்டு அடித்தால் அது போய்ச் சேர்வதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும். அந்த வீட்டு ஆச்சி ஒருநாள், "என்னப்பா, மாவு மில்லு ஓடுற மாதிரி இருக்கு" என்றாராம். அதைவிடச் சரியாக ஒரு சவுண்ட் இன்ஜினியர்கூடச் சொல்ல முடியாது. அடித்தொனி கொழுத்த பிக்கப்பை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனால் இரண்டாவது மில்லும் சேர்ந்து ஓடும்.

எல்லாரும் விழுகிற பள்ளம் கிலோ ஓம் கணக்கு, அதாவது சுருளின் மின்தடையை வைத்துப் பிக்கப்பின் பலத்தை எடைபோடுவது. செமோர் டங்கன் கம்பெனியின் ஜே.பி. பிக்கப் ஏறக்குறைய 16.4 கிலோ ஓம், டிமார்ஸியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன் ஏறக்குறைய 13.7. எண்ணைப் பார்த்தால் ஜே.பி.தான் பலசாலி. காதில் கேட்டால் சூப்பர் டிஸ்டார்ஷன் கொஞ்சமும் சளைத்ததல்ல, சத்தத்தில் கனமும் அதற்குத்தான் அதிகம். ஜே.பி.யில் சுற்றியிருப்பது மெல்லிய கம்பி. கம்பி மெலிந்தால் எண் தானாக ஏறும். காந்தமும் வேறு: ஜே.பி.யில் அல்னிகோ 5, மற்றதில் செராமிக். செராமிக் கொஞ்சம் கறாராக, இறுக்கமாக அறையும். அல்னிகோ விரலுக்கு வளைந்து கொடுக்கும். இ.எம்.ஜி. மாதிரி ஆக்டிவ் பிக்கப்புகளுக்கோ இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப், அதாவது பேட்டரியில் ஓடும் குட்டிப் பெருக்கி, உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சூப்பர் டிஸ்டார்ஷன். 1972இல் வந்தது. மாற்று பிக்கப் என்று ஒரு வியாபாரம் நடப்பதற்கே வழிபோட்டது இதுதான். மிட் (நடுத்தொனி) நிறைய, அடித்தொனி அகலம், 70களின் ராக் என்றால் நினைவுக்கு வருகிற அந்தக் கனத்த சத்தம். மெலிந்த, கீச்சென்று ஒலிக்கிற கிட்டாராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். தம்பியின் கிட்டாரோ மகோகனி, அதுவும் கனம். இதன் தம்பி முறையான டோன் ஸோன் இன்னும் மோசம். தன்னளவில் நல்ல பிக்கப்தான், ஆனால் கீழ்த்தொனி அதற்கு ரொம்ப அதிகம். ஆச்சி வீட்டுக்கு இரண்டும் ஆகாது.

அடுத்தது, அவன் மனசுக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்த இ.எம்.ஜி. 81/85 ஜோடி. பிரிட்ஜ் பக்கம் செராமிக் காந்தத்தோடு 81, நெக் (கழுத்து) பக்கம் அல்னிகோவோடு 85. மெட்டல் கிட்டாரிஸ்ட் ஜாக் வைல்ட் கையில் பார்த்துப் பழகிய ஜோடி. மெட்டாலிக்கா ஹெட்ஃபீல்டு பிரிட்ஜில் 81ஐயும் நெக்கில் 60ஐயும் வைத்துக்கொண்டவர். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வேகமாக அடிக்கிற ரிதத்துக்கு 81 மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம். ஒவ்வோர் அடியும் கத்தரித்த மாதிரி விழும், நிறுத்தினால் மயான அமைதி.

மேடைக்காரனுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாதாரண பிக்கப் போட்ட கிட்டாரில் கம்பிகளை எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல். இ.எம்.ஜி.க்கு அந்த இணைப்பு தேவையில்லை, கழற்றிவிடலாம். மாசித் திருவிழாவில் ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் ஒரே ஒயரில் தொங்க, கம்பியில் கை வைத்தபடி மைக்கில் வாய் வைத்ததும் உதட்டில் சுளீரென்று ஷாக் வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேடையின் எர்த்தைச் சரிசெய்வதற்கு இது மாற்றல்ல, அபாயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணம். மெல்ல வருடினாலும் ஓங்கி அடித்தாலும் 81 ஏறக்குறைய ஒரே மாதிரி பேசும். மெட்டலுக்கு அது வரம். பாடகி பல்லவி எடுக்கும்போது பின்னால் மெல்லிதாக ஒரு ஆர்பெஜியோ (கார்டைச் சுரம் சுரமாகப் பிரித்து) வாசிக்கிறவனுக்கு அது கை கட்டியது போல. இது வீணைக்குப் பேர்போன ஊர். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர், இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தி. எப்படிப் பிடித்தாலும் விரலின் அழுத்தம் காதுக்கு வந்து சேர வேண்டும் என்று இங்கே பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள், கிட்டாராக இருந்தாலும்கூட.

இரண்டாவது, 9 வோல்ட் பேட்டரி. நியாயமாகச் சொன்னால் இ.எம்.ஜி. பேட்டரியைக் குடிப்பதே இல்லை. ஒரு பிக்கப் எடுப்பது 80 மைக்ரோ ஆம்பியர் அளவுதான், ஜாக்கைப் பிடுங்கினால் அதுவும் நின்றுவிடும். பிடுங்க வேண்டும், அதுதான் விஷயம். நான் மாசியில் செருகிய ஒயரை ஆடி வரைக்கும் அப்படியே விட்டுவிட்டேன். ஆடி வெள்ளிக் கச்சேரியில் இரண்டாவது பாட்டில் கிட்டார் கரகரத்து, தேய்ந்து, அடங்கியது. இரவு பத்து மணிக்கு எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் பென்சில் பேட்டரிதான் எடுத்து நீட்டினார்கள். மிச்சக் கச்சேரிக்குத் தாம்பூரின் தட்டினேன்.

ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் மாடர்ன், தாளில் எழுதிப் பார்த்தால் இவனுக்கென்றே செய்தது. கம்பி சுற்றாமல் அச்சிட்ட சர்க்யூட் தகடுகளை அடுக்கிச் செய்வது. புஷ்புல் குமிழை இழுத்தால் ஆக்டிவ் சத்தம் மாறி, பேட்டரியில்லாத பாசிவ் பிக்கப் மாதிரி இன்னொரு குரல். இரைச்சலும் மிகக் குறைவு. ஆனால் பேட்டரி இ.எம்.ஜி.யைவிடப் பல மடங்கு வேகமாகத் தீரும், விலையும் உச்சியில். காசு இருக்கிறவர்கள், கூடவே பேட்டரியை மறக்காதவர்கள், தாராளமாக வாங்கலாம். நான் அந்த இரண்டு ஜாதியிலும் சேர்த்தி இல்லை.

மிச்சம் இருப்பது ஜே.பி. பிரிட்ஜில் அது, நெக்கில் அதே கம்பெனியின் ஜாஸ். பழைய கூட்டணிதான், பலர் போட்டுத் தேய்ந்தது. ஜே.பி.யின் குணம் மேல் மிட்டில் ஒரு துருத்தல். மேப்பிள் உடம்பு கிட்டாரில் அது காதைக் குத்தும். மகோகனியில் அதே துருத்தல்தான் சேற்றிலிருந்து சோலோவை வெளியே இழுத்துவிடும். வால்யூமை ஆறுக்குக் குறைத்தால் டிஸ்டார்ஷன் கரைந்து ஓரளவு க்ளீனாகும். கம்பிகளின் சுருதியை ட்ராப் சி வரைக்கும் இறக்கினால் அடித்தொனி தொளதொளக்கும், அது உண்மை. தம்பி அவ்வளவு இறங்காத ட்ராப் டி-யோடு நிற்கிறான்.

காயில் ஸ்ப்ளிட், அதாவது இரண்டு சுருளில் ஒன்றை மட்டும் ஒலிக்க விடுவது, அதிலும் ஜே.பி.க்கு ஒரு தனி லாபம். ஒரு சுருளை அணைத்தாலும் மிச்சச் சுருள் ஏறக்குறைய 8 கிலோ ஓம், சிங்கிள் காயில் என்று சொல்லி மேடையில் தாராளமாக வாசிக்கலாம். ஜாஸ், அதே கம்பெனியின் '59 மாதிரி குறைவாகச் சுற்றியவற்றைப் பிரித்தால் சத்தம் சோகை பிடித்துவிடும். ஸ்ப்ளிட் செய்தால் இரைச்சலும் திரும்பி வரும்: 1955இல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து ஒழித்த அதே ஹம் (மின்சார ரீங்காரம்), நம் ஊரில் 50 ஹெர்ட்ஸில்.

நெக்குக்கு '59ஆ ஜாஸா என்று நானே இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். '59 இதமானது, ப்ளூஸ் வாசிக்கச் சுகம். ஆனால் அடி கனம், மறுபடியும் ஆச்சி வீடு. ஜாஸ் துலக்கம், வேகமாக ஓடும் சோலோவில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். இன்னிசைக் குழுவில் பாதி நேரம் நெக் பிக்கப்தான் வேலை செய்கிறது, அதனால் ஜாஸ் என்றேன். தம்பி கொஞ்சம் முகம் சுளித்தான். கறுப்பு மூடி போட்ட இ.எம்.ஜி. பார்க்க நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்தானே.

ஃப்ளாய்ட் ரோஸ் என்கிற அசையும் பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஜே.பி.யிலேயே போல்களின் (கம்பிக்கு நேர் கீழே இருக்கும் காந்தமுனைகளின்) இடைவெளி அகலமான பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். தம்பிக்கு அது வேண்டாம்.

பற்றவைக்கும்போது ஒயர் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். டங்கனில் கறுப்புதான் சிக்னல், சிவப்பும் வெள்ளையும் சேரும், பச்சை எர்த்துக்கு. டிமார்ஸியோவில் சிவப்புதான் சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சை எர்த்துக்கு. முன்பு ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் டிமார்ஸியோவைக் கொடுத்தேன். அவர் டங்கன் படத்தைப் பார்த்து ஈயம் வைத்துவிட்டார். ஒரு சுருள் தலைகீழாகி, சத்தம் தகர டப்பா மாதிரி மெலிந்து, இரைச்சல் மட்டும் கொழுத்து வந்தது.

அதனால் தம்பியை ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஓம் அளவில் வைத்துப் பிக்கப் ஒயரில் மாட்டி, போல் முனை மேல் ஸ்க்ரூடிரைவரை ஒட்டிச் சட்டென்று இழுத்தால் எண் ஒரு கணம் ஏறும், அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பின் எண்ணும் ஒரே பக்கம் போனால் இணைப்பு எதிரெதிராக இல்லை என்று அர்த்தம், அன்றைக்கே கம்பி மாட்டிவிடலாம்.