சவுக்குத் தோப்பில் இரண்டு இரவுகள்: ஒரு மிதிவண்டிப் பயண ஏற்பாட்டின் மதிப்புரை

மொரீஷியஸ் கடற்கரையை மூன்று நாளில் மிதிவண்டியில் சுற்றிவரும் குழுப் பயணத்தில் கடந்த ஆகஸ்டில் நானும் சேர்ந்துகொண்டேன். ஏறக்குறைய 40 பேர்; தலைக்கு 6500 ரூபாய். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பாதையை வகுத்தவர் காற்றை அறிந்தவர். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று ஓயாத நம் தீவில், மாயேபூரில் கிளம்பி சூயாக், பே து காப் வழியாக மேற்கே சென்றதால் முதல் நாள் முழுவதும் காற்று எங்களை முதுகில் கைவைத்துத் தள்ளியது. அந்தக் கடனை மூன்றாம் நாள் கிழக்குக் கரையில் எதிர்காற்றாக வட்டியோடு கட்டினோம்.

லெ மோர்ன் மலையடியை நாங்கள் எட்டியபோது சவுக்கு மரங்களுக்கிடையே கூடாரங்கள் தயாராக நின்றன. மணலில் முளைக்குச்சி நிற்காது என்பதால், சாக்குகளில் மணலை நிரப்பிப் புதைத்து அவற்றில் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். இரவு முழுவதும் துணி படபடத்ததே தவிர ஒரு கூடாரமும் சாயவில்லை. கழிப்பறைகள்தாம் போதவில்லை.

பெருங்குறை பைகளில் இருந்தது. உடைமைகளை ஏற்றிவந்த லாரி எங்களுக்கு முன்பே வந்துவிட்டாலும், எண் எழுதிய காகிதச் சீட்டுகள் சூயாக்கில் பெய்த தூறலில் கரைந்துவிட்டன. ஒரே மாதிரியான கறுப்புப் பைகளின் குவியலை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், வியர்வை காய்ந்து குளிரத் தொடங்கிய உடம்போடு புரட்டிக்கொண்டிருந்தோம். காவடிக்கு உடுத்திய மஞ்சள் வேட்டியின் ஓரத்தைக் கிழித்து என் பைப்பிடியில் மனைவி முடிந்துவிட்டிருந்ததால் நான் தப்பித்தேன். சிலர் ஒரு மணி நேரம் தேடினார்கள். லாரியோட்டியிடம் முறையிட்டபோது, ஏற்றுவது மட்டுமே தன் வேலை என்றார். மறுநாளும் அதே காகிதச் சீட்டுகள்தாம்.

மோன் ஷுவாசியில் இரண்டாம் இரவு கிடைத்த சாப்பாடு அந்தக் கோபத்தைப் பாதியாகக் குறைத்தது. பாய் விரித்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறினார்கள். பூசணி, வாழைக்காய், பலா எதுவும் குழையவில்லை. ரசத்தை மட்டும் குவளையில் தனியாக வாங்கி மூன்று முறை குடித்தேன். ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா, தம்பி?’ என்று கேட்ட சமையற்கார அம்மாள், மறுநாள் வழிக்குத் தால் பூரியும் பொட்டலம் கட்டித் தந்தார்.

அடுத்த ஆண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். உடன் வர எண்ணுபவர்கள் பையில் அழியாத மையால் பெயரை எழுதி, நிறத்துணி ஒன்றையும் முடிந்துகொள்ளுங்கள். மஞ்சள் வேண்டாம், அது என்னுடையது.