இடுப்பு பிடித்துக்கொண்டால்: படுக்கையா, எண்ணெயா, ஊசியா, ஸ்கேனா?

ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பதம் பார்க்கும். ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய்விட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே இறங்கி அடிவாரம் வந்து சேர்ந்தவரிடம் மறுநாள் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அந்த நீட்சியில்தான் தசை இழைகள் நுட்பமாகச் சேதமடைகின்றன. வலி அன்றைக்கே தெரியாது. 24 மணி நேரத்துக்கு மேல், 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிற வலி என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னமும் சொல்கிறார்கள். அது உழைப்பு நின்ற ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. மூன்றாம் நாள் நோவுக்கு அதன் மேல் பழி போட முடியாது.

இடுப்புப் பிடிப்பு வேறு ரகம். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வெல்ல மூட்டை இறக்குகிறவரையோ, மலை மேல் எஸ்டேட்டில் காபி மூட்டையை ஜீப்பில் ஏற்றுகிறவரையோ கவனியுங்கள். குனிந்து பிடிக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. தூக்கிய பாரத்தோடு இடுப்பைத் திருப்புகிறாரே, அந்த ஒரு திருப்பத்தில் வெடுக்கென்று பிடித்துக்கொள்கிறது. பிறகு நிமிரவும் முடியாது, உட்காரவும் முடியாது. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

முதல் யோசனை, “அசையாமல் படு” என்பது. அக்கறையோடு சொல்லப்படுவதுதான், ஆனால் இருப்பவற்றில் இதுதான் மோசம். 1986-இல் அமெரிக்காவில் இடுப்பு வலிக்காரர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாளும் இன்னொரு பகுதியினரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குணத்தில் வித்தியாசமில்லை, ஏழு நாள் படுத்தவர்கள் வேலையைத்தான் கூடுதலாக இழந்தார்கள். 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒரு படி மேலே போனது. படுக்க வைக்கப்பட்டவர்கள், இடுப்புப் பயிற்சி செய்தவர்கள், வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள் என்று மூன்று பிரிவு. மூன்றாவது பிரிவினர்தான் முதலில் தேறினார்கள். வழக்கமான வேலை என்றால் மறுநாளே மூட்டை தூக்குவதல்ல. எழுந்து பல் தேய்ப்பது, தெருமுனை வரை நடப்பது, ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காராமல் இருப்பது, அவ்வளவுதான்.

இரண்டாவது, எண்ணெயும் ஒத்தடமும். தவிட்டையோ கல் உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடத்துக்கு என் ஓட்டு உண்டு. சூடு, புதிய இடுப்பு வலியைக் கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் தணிக்கிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஐஸ் கட்டிக்கு அந்த அளவு இல்லை. சுளுக்கு வழிப்பவர் கையில் நிதானம் இருந்தால் அதுவும் இதம்தான். காலால் பிறந்தவர் வந்து மிதித்தால் பிடிப்பு விடும் என்பதை மட்டும் தள்ளி வையுங்கள். காலில் மரமரப்பு இருக்கும்போது யாரையும் முதுகில் ஏறவோ எலும்பைச் சொடுக்கவோ விடக்கூடாது.

மூன்றாவது, மாத்திரையும் ஊசியும். மறுநாள் கூலிக்குப் போக வேண்டியவருக்கு இதன் கவர்ச்சி புரிகிறது. ஆனால் பாராசிட்டமாலை நம்பி ஏமாற வேண்டாம். 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 1,600-க்கு மேற்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் அந்த மாத்திரை எடுத்தவர்கள் தேற 17 நாள், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள் தேற 16 நாள். மாத்திரையாகவோ ஊசியாகவோ போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் சற்றே கூடுதலாகக் கேட்கும். விலையை வயிறும் சிறுநீரகமும் கொடுக்கும். அல்சர், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் கை நீட்டக்கூடாது. தசை தளர்த்தும் மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது இடுப்பு வலியைவிடப் பெரிய ஆபத்து.

நான்காவது ஸ்கேன். எல்லாவற்றிலும் செலவு அதிகம். அவசரப்பட்டு எடுத்தால் குழப்பமும் அதிகம். 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஏதோ ஓர் இடத்திலாவது டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை, பிதுங்கியிருந்தது. தலை நரைப்பது போல வயதோடு வருவது அது. இது தெரியாமல், “டிஸ்க் விலகிவிட்டது” என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் குனியப் பயப்படுகிறவர்கள் எத்தனை பேர்! கீழே சொல்லப்போகும் அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், பொதுவாக முதல் சில வாரங்களுக்கு ஸ்கேன் தேவைப்படாது.

இடுப்பு பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

வலியைவிட ஆளைக் கலங்கடிப்பது துடிப்பு. கெண்டைக்காலிலோ முதுகிலோ தோலுக்கடியில் ஏதோ நெளிவது போன்ற உணர்வு. “நரம்பு இழுக்கிறது” என்பார்கள். கடும் உழைப்பு, தூக்கமின்மை, கவலை, காபி, இவற்றில் எது கூடினாலும் வரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்தது முதல் நம் பக்கத்தில் அந்தக் கடைசிக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. துடிப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், பலத்தைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகக் குதிகாலில் பத்தடி நடங்கள். பிறகு முன்னங்காலில் பத்தடி. இரண்டு காலும் சமமாக ஒத்துழைத்தால், துடிப்பு பெரும்பாலும் களைப்பின் வேலைதான். குதிகாலில் நிற்கும்போது ஒரு பாதத்தின் முன்பகுதி தொங்கினாலோ, ஒரு காலால் முன்னங்காலில் எழும்ப முடியாவிட்டாலோ நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்போது ஸ்கேனுக்குத் தயங்க வேண்டாம்.

பிசியோதெரபியின் உண்மையான பயன் வலி தணிந்த பிறகுதான் தெரியும், திரும்ப வராமல் தடுப்பதில். அங்கேயும் எளிய நடைக்குப் பெரிய இடம் உண்டு. 2024-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது. சும்மா விடப்பட்டவர்களுக்கு 112 நாள். இதற்கு மலையேற வேண்டாம், காந்தி ஸ்டேடியத்துச் சமதளம் போதும்.

எந்த வைத்தியத்துக்கும் காத்திருக்கக்கூடாத நிலைகள் சில உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் அன்றிரவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறி உழைத்த பிறகு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலும் அப்படியே. அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சலோடு வருகிற முதுகு வலி, கீழே விழுந்த பின் முதியவருக்கு வருகிற வலி, புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வருகிற வலி ஆகியவற்றையும் ஒத்தடம் கொடுத்துத் தள்ளிப்போடாதீர்கள்.