2,650 டாலர் கட்டி என் பையனுக்கு வாங்கிக் கொடுத்த இடது கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் பையனைச் சேர்த்த பேஸ்பால் கிளப்பிலிருந்து நேற்று சாயங்காலம்தான் கடைசி மெயில் வந்தது. பணம் திரும்பக் கிடையாதாம். 2,650 டாலர். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் குடியிருக்கிற நம் ஆட்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது டிராவல் பேஸ்பால் (ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடுகிற கிளப் ஆட்டம்) பக்கம் போகிறார்கள். அடுத்த டிரையவுட்டுக்கு, அதாவது அணித் தேர்வுக்கு, போவதற்கு முன்னால் அவர்கள் இதைப் படிக்கட்டும்.

கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் இருக்கிறது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. ஏசி போட்ட பெரிய ஷெட், உள்ளே வலைக்கூண்டுகள், சுவர் முழுக்க டிராபியோடு எடுத்த போட்டோக்கள், ஒவ்வொரு வயதுக்கும் மூன்று நிறத்தில் மூன்று அணி. அந்த மாதிரி இடம்.

என் பையனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2023 அக்டோபரில். அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தான். பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ், முதல் ஆட்டம், ஆர்லிங்டனில். எங்கள் ஊர் அணியான ரேஞ்சர்ஸ் தோற்கப்போகிறார்கள் என்று நான் டிவியை அணைக்கப் போனபோது ஒன்பதாவது இன்னிங்ஸில் கோரி சீகர் அடித்துச் சமன் செய்தார். பதினொன்றாவதில் அடோலிஸ் கார்சியா ஒரு அடி, ஆட்டம் முடிந்தது. அந்த வருடம் ரேஞ்சர்ஸ் முதல்முறையாகக் கோப்பையும் ஜெயித்தார்கள். அதற்கு முன்பே, அதே வருட ஜூலையில், கிராண்ட் பிரெய்ரி மைதானத்துக்கு டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தேன். பேஸ்பாலுக்குக் கட்டிய மைதானத்தைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிய இடம் அது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பையன் பாப்கார்ன் தின்றுவிட்டு வந்தான். சரி, அவன் பிறந்த மண் வேறு.

இரண்டு வருடம் லிட்டில் லீக் என்கிற ஊர்ப் பிள்ளைகள் லீக்கில் ஆடினான். அங்கே வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இவ்வளவாவது ஆட்டம் கொடுத்தாக வேண்டும் என்று விதியே உண்டு. டிராவலில் அப்படி ஒன்றும் கிடையாது, தேர்வு செய்துதான் எடுப்பார்கள், சனி ஞாயிறெல்லாம் டோர்னமென்ட். டிராவலுக்குப் போனால்தான் ஆட்டம் தேறும் என்று எல்லோரும் சொன்னார்கள். யார் அந்த எல்லோரும் என்று இப்போது யோசித்தால் ஒருத்தர் முகமும் ஞாபகம் வரவில்லை.

டிரையவுட் ஆகஸ்ட் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு. அதற்கே 40 டாலர். பதினொன்று வயதுப் பிரிவு. ஏப்ரல் 30 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. என் பையன் மே மாதம் பிறந்தவன் என்பதால் அந்தப் பிரிவில் கிட்டத்தட்ட மூத்தவன், அது ஒரு லாபம் என்று அங்கே மேசையில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். முதுகில் 73 என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெயிலில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உரிந்து விழுந்தது. நான் ஓடி ஓடி ஒட்டினேன்.

என்னென்ன செய்ய வைத்தார்கள் என்பதைச் சொல்கிறேன், முதல்முறை போகிறவர்களுக்கு உதவும். பேட் பிடிக்கிறவன் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வரை 70 அடி ஓட்டம், ஸ்டாப்வாட்சில். அப்புறம் கம்பத்தில் வைத்த பந்தை ஐந்து முறை அடிக்க வேண்டும், பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தை ரேடார் கன்னில் பார்ப்பார்கள். ஐந்தில் எது அதிகமோ அது. என் பையனுக்கு 54 மைல். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) நிற்க வைத்துத் தரையோடு உருட்டி விடுவார்கள்: நேராக இரண்டு, கையைத் திருப்பி எடுக்கிற மாதிரி இரண்டு, ஓடி வந்து பொறுக்குகிற மாதிரி மெதுவாக இரண்டு. எடுத்து முதல் பேஸுக்கு எறிய வேண்டும். உயரப் பந்து மூன்று. எதிரே ஒருவர் வீச, எட்டுப் பந்து பேட்டிங். பிட்ச்சர் (பந்து வீசுகிறவன்), கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவன்) ஆக விரும்புகிறவர்களுக்குத் தனி மூலையில் தனிச் சோதனை. என் பையன் அந்த மூலைக்கே போகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே என் கண்ணில் பட்டு, புத்தியில் படாத விஷயங்கள் இரண்டு. எல்லாப் பிள்ளைகளையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், ஏழெட்டுப் பேரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னொன்று, என் பையன் தரைப்பந்து ஆறையும் சுத்தமாக எடுத்தான், ஒன்றுகூட நழுவவில்லை. அந்த நேரம் முழுக்க கிளிப்போர்டு வைத்திருந்த ஆள் வேலிக்கு வெளியே நின்ற ஒரு அப்பாவோடு மீன்பிடிப் படகு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல நகைக்கடைக்காரர் உரசிப் பார்க்காமலே மாற்றுச் சொல்லிவிடுவார் இல்லையா, அந்த மாதிரி அனுபவம் போல என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஏமாளி மனுஷன் இருப்பானா?

அன்று ராத்திரி எட்டே முக்காலுக்கு போன் வந்தது. பயிற்சி இயக்குநராம். பதினொரு நிமிடம் பேசினார், கால் லாகில் இருக்கிறது. உங்கள் பையனின் கைவேகம் சொல்லிக்கொடுத்து வருகிறது இல்லை, அது பிறப்பிலேயே வருவது என்றார். எங்கள் முதல் அணிக்கு யோசிக்கிறோம் என்றார். இதெல்லாம் கேட்டுக்கூட நான் ஓரளவு நிதானமாகத்தான் இருந்தேன். ஆனால் பையன் பெயரைச் சொன்னார் பாருங்கள். ழகரம் வருகிற பெயர். ஆறு வருடமாக அவனுக்குப் பாடம் எடுத்த டீச்சர்கள் ஒருத்தர் வாயிலும் ஒழுங்காக வராத பெயர். அந்த ஆள் சரியாகச் சொன்னார். "சரியாகச் சொல்கிறேனா? நான் பழகிப் பார்த்தேன்" என்று வேறு கேட்டார். அங்கேதான் விழுந்தேன். தன் பிள்ளையின் பெயரை ஒருவன் சரியாகச் சொன்னதற்கு 2,650 டாலர் கொடுத்த முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் வழக்கமான பாட்டு. பன்னிரண்டு இடம், பதினொன்று நிரம்பிவிட்டது, நாளை மதியம் வரைதான் உங்களுக்காக வைத்திருக்க முடியும். இப்போது டெபாசிட் மட்டும் கட்டி மீதியை அப்புறம் கட்டினால் மொத்தம் 2,900 ஆகும், முழுத் தொகையும் ஒரே தடவையில் கட்டினால் 2,650. குளிர்காலப் பயிற்சி, எட்டு டோர்னமென்ட், இரண்டு யூனிஃபார்ம் எல்லாம் அதில் அடக்கம். கார்டு வேண்டாம், கமிஷன் போகும், போனிலேயே பேங்கிலிருந்து பேங்குக்கு அனுப்பிவிடுங்கள்.

"ஒரு நாள் பொறுத்துக் கட்டினா என்னங்க? இடம் எங்க ஓடிடப் போகுது?" என்றாள் மனைவி.

"ஓடிடும்" என்றேன். அன்று ராத்திரியே அனுப்பினேன். இந்த மாதிரி கிளப் டோர்னமென்ட்களில் எல்லோரும் பிடிக்கிற பேட் வேறு, லிட்டில் லீகில் அனுமதிக்கிற முத்திரை உள்ள பேட் வேறு. எனவே புதுப் பேட் தனியாக 350. அதை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை, பேட்டாவது கையில் இருக்கிறது.

முதல் பயிற்சிக்குப் போனால் போனில் பேசியவர் இல்லை. காலேஜ் படிக்கிற ஒரு பையன் நிற்கிறான், நல்ல பையன்தான், பாவம். பிள்ளைகள் பதினாறு பேர். தொப்பி மூன்றாவது நிறத்தில். முதல் அணி என்று சொன்னார்களே என்று கேட்டால், நிறம்தான் வேறு, பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றான்.

மூன்றாவது வாரம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மெக்சிகோக்கார அப்பா விஷயத்தை உடைத்தார். அவருடைய மூத்த மகன் இங்கே ஏற்கெனவே ஆடியவன். முதல் அணியில் பன்னிரண்டு பேரும் ஒன்பது வயதுப் பிரிவிலிருந்தே ஒன்றாக ஆடுகிறவர்கள், ஓரிருவர் மாறினாலும் அந்த ஷெட்டிலேயே மணிக்கணக்கில் காசு கட்டித் தனிப்பயிற்சி எடுக்கிறவர்களுக்குத்தான் அந்த இடம் போகும். ஆகஸ்டில் முதல் அணியில் காலியாக இருந்த இடம் எத்தனை தெரியுமா என்று கேட்டுவிட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினார். அன்று வந்த பிள்ளைகள் ஏறக்குறைய 90. தலைக்கு 40 டாலர். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு காலை நேரத்துக்கு.

இரண்டு டோர்னமென்ட் போனோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ரைட் ஃபீல்டில் இரண்டு இன்னிங்ஸ், மீதி நேரம் பெஞ்ச். அக்டோபர் நடுவில் ஒரு மெயில்: மூன்றாவது அணியை இரண்டாவதோடு சேர்க்கிறோம், உங்கள் மகன் உள்பட ஐந்து பேர் இனி பயிற்சிக்கு மட்டும் வரலாம். ஒப்புக்குச் சப்பாணி என்பதற்கு இவ்வளவு மரியாதையாக ஒரு வார்த்தை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பணத்தைக் கேட்டேன். அங்கிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முன்மேசைப் பெண்: இயக்குநர் ஹூஸ்டனில் டோர்னமென்ட்டில் இருக்கிறார். மறுவாரம்: சான் அன்டோனியோவில் இருக்கிறார். காலேஜ் பையன்: எனக்கும் இன்னும் சம்பளம் வரவில்லை அங்கிள். (அங்கிள் என்று இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். என் பையன் அவன் நண்பர்களைப் பழக்கிவிட்டிருக்கிறான், இவனும் பிடித்துக்கொண்டான்.) கணக்குப் பிரிவு: நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பாருங்கள். பார்த்தேன். ஐந்தாம் பக்கம், எந்தக் காரணத்துக்காகவும் எந்தப் பகுதியும் திருப்பித் தரப்படாது. எந்த அணி என்று அந்த ஐந்து பக்கத்தில் எங்குமே எழுதவில்லை. பேங்கில் கேட்டால், நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்றார்கள். உண்மைதான்.

ஒருநாள் நேரிலேயே போய் நின்றேன். இயக்குநர் ஆறு நிமிடம் கொடுத்தார், நின்றபடியே, கண் முழுக்க வலைக்கூண்டுக்குள். அன்றைக்குப் பையன் பெயரைச் சொல்லவில்லை, உங்கள் மகன் என்றார். டிரையவுட் மதிப்பெண் அடிப்படையில்தான் எல்லாம் நடந்தது, அது முதலீடு, செலவு இல்லை என்றார். சரி, அந்த மதிப்பெண் தாளைக் கொடுங்கள் என்றேன். அதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஒன்பது நாள் கழித்து, மூன்று மெயிலுக்கு அப்புறம், தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். மேலே 73. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண்: பேட்டிங் 3, எறியும் வலு 2, வேகம் 4. அதற்குக் கீழே, எறியும் கை: இடது. கேட்சர் பாப் டைம்: 2.6 நொடி.

என் பையன் வலது கைக்காரன். எழுதுவது, சாப்பிடுவது, எறிவது எல்லாம் வலது கையால்தான். கேட்சர் கவசத்தை அவன் வாழ்நாளில் மாட்டியதில்லை. பாப் டைம் என்பது கேட்சர் கையுறையில் பந்து பட்ட நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவன் கையுறைக்குப் போய்ச் சேரும் வரை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரிய லீக்கிலேயே சராசரி 2 நொடி. அதை அளக்க ஒருத்தன் கேட்சராக உட்கார்ந்திருக்க வேண்டும், ஒருத்தன் ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. போதாக்குறைக்கு, பேஸ்பாலில் இடது கைக்காரனைக் கேட்சராகப் பார்ப்பதே அபூர்வம். காது குத்துகிறவன் காதையாவது சரியாகப் பார்த்துக் குத்த வேண்டாமா?

தாளை பிரின்ட் எடுத்து மேசையில் வைத்திருந்தேன். பையனிடம் காட்டும் எண்ணம் இல்லை, அவனே பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நான் லெஃப்டியா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. பெரியவர்கள் எழுதியிருக்கிறார்களே என்று நிஜமாகவே கேட்டான்.

இதை எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்தான் நேற்றையது. "எழுத்துப் பிழை. எங்கள் முடிவில் மாற்றமில்லை." 2,650 டாலருக்கு ஏழு வார்த்தைகூட இல்லை.

எல்லா இடமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆஸ்டினில் இருக்கும் நண்பரின் மகனுக்கு, எடுக்கவில்லை என்ற செய்தியோடு அன்று சாயங்காலமே அவனுடைய ஓட்ட நேரம், எறிந்த வேகம், எதில் தேற வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் வந்தது. அவர் கொடுத்தது 25 டாலர்.

எப்படி விசாரிப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: போன வருட அணியில் எத்தனை பேர் தொடர்கிறார்கள், நிஜமாகக் காலி இடம் எத்தனை என்று டிரையவுட்டுக்கு முன்னாலேயே மெயிலில் கேளுங்கள். எந்த அணி, யார் கோச், அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கட்டுவதை கார்டில் கட்டுங்கள், கமிஷன் போனால் போகட்டும். நாளை மதியம் வரைதான் என்று யாராவது சொன்னால் மறுநாள் சாயங்காலம் கூப்பிடுங்கள். மதிப்பெண் தாளைப் பணத்துக்கு முன்னால் கேளுங்கள், பின்னால் இல்லை.

டெக்சாஸில் சின்ன வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட் 20,000 டாலர் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்ளும், வக்கீல் வைத்தாக வேண்டும் என்று இல்லை. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் காலின் கவுன்டியில் இதே மாதிரி வழக்குப் போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த ஐந்து பக்கப் படிவத்தின் ஸ்கேன் வேண்டுமென்றாலும் கேளுங்கள், பெயரை மறைத்து அனுப்புகிறேன்.